லைன் வீடுகளுக்கு அடைக்கப்பட்ட தண்ணீரைத் திறந்துவிடக் கோரும் மனு

பெறுநர்: உயர்திரு வாடகை அதிகாரி அவர்கள்.

அனுப்புநர்: லைன் வீட்டு வாடகைதாரர், சிம்ஸ் பூங்காவுக்குக் கீழ்ச்சரிவு, குன்னூர், உடன் கையொப்பமிடும் பக்கத்து மூன்று குடும்பத்தினர்.

பொருள்: வீட்டு உரிமையாளர் நிறுத்திவிட்ட தண்ணீரை உடனே திறந்துவிட இடைக்கால உத்தரவு வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நாங்கள் முன்னர் அளித்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வையில் கண்ட மனுக்களுக்கு இதுவரை பதில் கிடைக்காததால், தங்கள் மேலான கவனத்திற்கு மீண்டும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

1. நாங்கள் தேயிலைத் தொழிற்சாலையிலும் காய்கறி மண்டியிலும் கூலி வேலை செய்பவர்கள். எந்த மாதமும் வாடகை பாக்கி வைத்ததில்லை. ஆனால் கொடுத்த வாடகைக்கு இன்றுவரை ரசீது தரப்படவில்லை.

2. தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் முறைப்படுத்துதல் சட்டம், 2017, 22.02.2019 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் பிறகே நாங்கள் குடிவந்தோம். குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்று அதன் 11ஆம் பிரிவு சொல்லியும் எங்களிடம் பத்து மாத வாடகை வாங்கப்பட்டது. எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் கேட்டபோதெல்லாம் உரிமையாளர் மறுத்தார். அவர் மறுத்ததையே காரணமாக்கி எங்கள் மனுவை ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

3. எங்களை உயிரோடு வதைப்பது தண்ணீர்தான். குன்னூருக்குக் குடிநீர் தரும் ரேலியா அணைத் தண்ணீர் எங்கள் பகுதிக்குத் தினமும் வருவதில்லை என்பதும், வரும் நாளில் பிடித்துத் தொட்டியில் தேக்கினால்தான் உண்டு என்பதும் தாங்கள் அறிந்ததே. நகராட்சி இணைப்பு உரிமையாளர் பெயரில், மேலேயுள்ள அவருடைய வீட்டில் இருக்கிறது. அங்குள்ள தொட்டியிலிருந்துதான் எங்கள் நான்கு வீடுகளுக்கும் குழாய் இறங்குகிறது. அந்தக் குழாயின் வால்வை மூடி, அதன்மேல் இரும்புப் பெட்டி வைத்துப் பூட்டிவிட்டார். அவருடைய தொட்டி நிரம்பி வழியும் தண்ணீர் எங்கள் வாசல் வழியாகவே ஓடையில் இறங்குகிறது; எங்கள் குழாயில் சொட்டு இல்லை. லாரித் தண்ணீர் வாங்கலாம் என்றால் எங்களுக்கு இருப்பது படிக்கட்டுப் பாதை மட்டுமே. லாரி மேல்சாலையிலேயே நின்றுவிடும், அங்கிருந்து குடம் குடமாகச் சுமக்க வேண்டும். அதற்கும் காசில்லாத நாளில் கீழே ஓடையோரத்து ஊற்றுக்குப் போகிறோம். விடியுமுன் போனால் பாதையில் காட்டெருமை நிற்கிறது, இருட்டிய பின் போனால் கரடி பயம், நடுப்பகலில் போகலாம் என்றால் வேலைக்குப் போக முடியாது. பனிக்காலத்து ஊற்று நீரில் கை விறைத்துப்போகிறது. என் மாமியார் பக்கவாதத்தால் படுத்த படுக்கையாக இருக்கிறார். அவருக்குத் துணி மாற்ற வேண்டும், உடம்பு துடைக்க வேண்டும், விரிப்பு அலச வேண்டும். ஒரு குடத்தில் எதைச் செய்வது, எதை விடுவது? அவரோ எனக்குச் சுமையாகிவிடக் கூடாதென்று குடிக்கும் தண்ணீரையே குறைத்துக்கொண்டார். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் கழிப்பறைக்குத் தண்ணீரில்லாமல் பள்ளிக்கூடம் திறக்கும்வரை அடக்கிக்கொண்டு இருக்கிறார்கள். பெண் பிள்ளைகளின் நிலையை இதற்குமேல் எழுத எனக்குக் கூசுகிறது, ஐயா.

4. காரணம் ஊரறிந்ததே. ஏப்ரல், மே சீசனுக்குள் எங்களைக் கிளப்பிவிட்டு, இந்த வீடுகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கான காட்டேஜாக மாற்ற வேண்டும் என்று உரிமையாளர் நேரடியாகவே சொல்லிவிட்டார். வீடு அவருடையது; அதை நாங்கள் மறுக்கவில்லை. வேண்டுமென்றால் சட்டம் சொல்லும் காரணத்தோடு வாடகை நீதிமன்றத்துக்குப் போகட்டும். தண்ணீரை அடைத்து ஆளைக் கிளப்புவதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

5. மேற்சொன்ன சட்டத்தின் 20ஆம் பிரிவில் தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய சேவைகளை உரிமையாளர் நிறுத்தக் கூடாது என்றும், நிறுத்தினால் விசாரணை முடியும் முன்பே இடைக்கால உத்தரவிட்டுத் திறக்கச் செய்யும் அதிகாரம் தங்களுக்கு உண்டு என்றும் தெளிவாக இருக்கிறது. அப்படியிருந்தும் நாங்கள் வரும்போதெல்லாம் "கோப்பு மேலே போயிருக்கிறது" என்ற பதில்தான் கிடைக்கிறது. எங்கே மேலே? எத்தனை படி மேலே? வேறொரு அலுவலகத்தில் இது சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்பினார்கள். படுத்த படுக்கையாகக் கிடப்பவரின் தாகம் எந்த விவகாரம் என்று யாரிடம் போய்க் கேட்பது? ஒரு நாள் கூலியை இழந்து வந்து வரிசையில் நிற்பவர்களுக்கு ஆம், இல்லை என்ற ஒரு வரி பதில்கூடவா எழுத முடியவில்லை? மரியாதைக் குறைவாகத் தோன்றினால் பொறுத்தருளுங்கள். வேறெப்படி எழுதுவதென்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஆகவே, வால்வை உடனே திறந்துவிட இடைக்கால உத்தரவு பிறப்பிக்குமாறு வேண்டுகிறோம். உரிமையாளர் இப்போது வாடகையையும் வாங்க மறுப்பதால், அதைத் தங்கள் அலுவலகத்தில் செலுத்த 14ஆம் பிரிவின்படி வழிசெய்ய வேண்டுகிறோம். ஒப்பந்தம், முன்பணம், ரசீது பற்றிய விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அதற்கு நாங்கள் காத்திருக்கிறோம். தண்ணீருக்குக் காத்திருக்க முடியாது. நேரில் ஓர் அலுவலரை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பூட்டு அப்படியேதான் இருக்கிறது. தயவுசெய்து முதலில் தண்ணீரைத் திறந்துவிடச் செய்யுங்கள், ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
லைன் வீட்டு வாடகைதாரரும் உடன் கையொப்பமிட்ட மூன்று குடும்பத்தினரும்

இடம்: குன்னூர்