கோயில் மண்டபத்தில் ஒரு விண்ணப்ப மேசை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த நம் பிள்ளைகளிடம் அடுத்து என்ன என்று கேட்டுப் பாருங்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியன், வயரிங் லைசென்ஸ் எடுத்துச் சொந்தக் குத்தகை, தமிழ்ப்பள்ளி ஆசிரியர், தாதி என்று பதில் தெளிவாக வரும். இவர்களைக் கனவில்லாத தலைமுறை என்று மேடையில் பேசுவது அநியாயம். தேர்வு முடிவுக்குப் பிந்திய சில வாரங்களில், மேற்படிப்புக்கான ஓர் இணைய விண்ணப்பப் பாரத்தின் முன்னால்தான் அந்தக் கனவு பெரும்பாலும் கலைகிறது. பினாங்கிலுள்ள கோயில் நிர்வாகங்களும் இயக்கங்களும் ஊக்கமூட்டும் தன்முனைப்பு முகாம்களுக்குச் செலவிடுவதில் ஒரு பங்கை அந்த வாரங்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

தைப்பூசத்துக்கு ஜாலான் உத்தாமாவில் பந்தல் போட்டு, விடிய விடிய ஆள் மாற்றி நிற்கத் தெரிந்த சமூகம் இது. இந்த வேலைக்கு அதில் கால்வாசி உழைப்புகூடத் தேவைப்படாது. முடிவு வெளியாகும் அன்று மாலை தொடங்கி இரண்டு வாரம், இரவு 7 முதல் 10 வரை மண்டபத்தில் விண்ணப்பிக்க உதவும் ஒரு மேசை. வேலை முடிந்து பெற்றோரும் கூட வரக்கூடிய நேரம் அதுதான். இரண்டு மடிக்கணினி, ஸ்கேன் செய்யும் பிரிண்டர் ஒன்று, அறுந்து போகாத இணையம், ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு ஃபைல். ஆவணம் பார்க்க ஒருவர், கணினிக்கு இருவர், பெற்றோரிடம் பேச ஒருவர். ஒரு மாணவருக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். ஓரிரவில் எட்டுப் பேருக்கு மேல் எடுத்தால் அவசரத்தில் தவறு நுழையும்.

முதல் தவறு தொலைபேசி எண்ணில் நடக்கிறது. டாப்-அப் போடாமல் ப்ரீபெய்ட் எண் செத்திருக்கும். உறுதிக் குறியீடு வராது. பள்ளியில் யாரோ திறந்து கொடுத்த மின்னஞ்சலின் கடவுச்சொல் மறந்திருக்கும். அவசரத்துக்கு உதவுபவர் தன் எண்ணைப் போட்டுவிடுவார். பிறகு இடம் கிடைத்த செய்தி அவருக்குப் போகும். அவர் பார்ப்பதற்குள் ஒப்புக்கொள்ளும் கெடு முடிந்திருக்கும். ஆகவே முதலில் மாணவர் பெயரில் எண்ணும் மின்னஞ்சலும் சரியாக வேண்டும். கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது தேர்வு முடிவுத் தாள். மேற்படிப்புக்குக் கேட்கும் நல்ல தேர்ச்சியான கிரெடிட் என்பது 'சி' வரைதான். 'டி', 'இ' வெறும் தேர்ச்சி. எல்லாப் பாடமும் பாஸ் என்று மகிழ்ச்சியோடு வரும் பிள்ளையிடம் மூன்று கிரெடிட்கூட இல்லாமல் போகலாம். அதை எண்ணிப் பார்க்காமல், அரசாங்க உயர்கல்விக் கூடங்களுக்கான பொது விண்ணப்பமான யூ.பி.யு.வின் பட்டியலைப் பெயர் கேட்ட டிப்ளோமாக்களாகவே நிரப்பினால் ஒன்றுகூடக் கிடைக்காது. தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு படிப்புக்கும் குறைந்தபட்சத் தகுதி என்ன, நேர்முகத் தேர்வு உண்டா என்று படித்த பிறகே வரிசைப்படுத்த வேண்டும். 'ஏதேனும் பாடம்' என்று நிபந்தனை சொல்லும் இடத்தில் தமிழ்மொழிக் கிரெடிட்டையும் கணக்கில் சேருங்கள். மலாய்மொழி, வரலாறு இரண்டில் எது தவறினாலும் சான்றிதழ் கிடையாது. தவறியதைத் தனியார் தேர்வராக எழுதலாம். அதற்கான பதிவுத் தேதியை ஃபைலில் குறித்துவிடுங்கள்.

யூ.பி.யு. மட்டும் போதாது. அதே இரவில் அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கும் விண்ணப்பிக்க வேண்டும். நிபோங் திபாலில் ஆறுமுகம் பிள்ளை என்ற தமிழர் பெயரிலேயே ஒரு தொழிற்பயிற்சிக் கழகம் இருப்பது பிறை வட்டாரத்தில் வாழும் பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. மலேசியத் தொழில்திறன் சான்றிதழான எஸ்.கே.எம். முதல் நிலைக்கு எஸ்.பி.எம். தேர்ச்சி கட்டாயமில்லை, எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். மூன்றாம் நிலை முடித்தால் நான்காவதில் டிப்ளோமா, ஐந்தாவதில் மேல்நிலை டிப்ளோமா என்று ஏறலாம். வயரிங் ஆசை உள்ளவரிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: பயிற்சிச் சான்றிதழ் லைசென்ஸ் ஆகாது. எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று தனி. ஒரு ஃபேஸுக்கும் மூன்று ஃபேஸுக்கும் வேறு வேறு. பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவத்தையும் ஒதுக்காதீர்கள். மூன்று தவணை, குறைந்த செலவு.

இலவச மடிக்கணினி தருகிறோம் என்று வீடு தேடி வரும் கல்லூரி முகவரிடம் முன்பணம் கொடுக்கும் முன், அந்தப் பாடத்திட்டம் அந்த வளாகத்திலேயே அங்கீகாரம் பெற்றிருக்கிறதா என்று படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பான எம்.கியூ.ஏ.வின் பதிவேட்டில் பாருங்கள். கல்லூரியின் பெயர் இருப்பது போதாது. அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு பி.டி.பி.டி.என். என்ற அரசாங்கக் கல்விக் கடனும் வராது.

மிகவும் வேதனையானது, அடையாள அட்டை இல்லாத பிள்ளை வரும்போது. யூ.பி.யு.வில் குடிமக்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம். தகப்பன் மலேசியர், தாய் வெளிநாட்டவர், கோயிலில் தாலி கட்டியாயிற்று, ஆனால் பதிவு இல்லை என்றால், பிறக்கும் பிள்ளை சட்டப்படி தாயின் குடியுரிமை நிலையையே பெறுகிறது. பிறகு பதிந்தாலும் அது தானாக மாறாது. 1982 மார்ச் முதல் முஸ்லிம் அல்லாதார் திருமணங்களுக்கு ஒரே சட்டம், பதிவு கட்டாயம். பதிவுப் பத்திரத்தைப் பார்க்காமல் முகூர்த்தத்துக்கு நாள் கொடுக்கும் நிர்வாகங்கள் தயவுசெய்து அதை நிறுத்துங்கள். இப்படி வரும் பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பாமல், பிறப்புப் பத்திரம், பெற்றோர் ஆவணங்களின் நகலெடுத்து, தேசியப் பதிவிலாகாவுக்குக் கூடவே ஒருவர் போக வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, உதவிநிதி இருக்கிறது. வரும் நேரம்தான் பிழை. இந்து அறப்பணி வாரியத்தின் கல்வி உதவி ஆகட்டும், கடன் ஆகட்டும், கல்லூரியில் பதியும் நாளன்று கையில் இருக்காது. கட்டணம், விடுதி முன்பணம், போக்குவரத்து எல்லாம் அன்றே கேட்பார்கள். கோயில் ஒவ்வொன்றும் பத்து மாணவருக்குத் தலா 1,000 ரிங்கிட் சுழல்நிதி வைத்து, உதவி வந்ததும் திரும்பப் பெறலாம். சம்பளச் சீட்டு இல்லாத லாரி ஓட்டுநர், புல் வெட்டுபவர் போன்றோருக்கு வருமான உறுதிக் கடிதம் தேவைப்படும். கையெழுத்து வாங்க நாளாகும் என்பதால் அதை முடிவுக்கு முன்பே தயார் செய்யச் சொல்லுங்கள்.

சேர்ந்த பிறகு ஆறாவது வாரத்தில் ஓர் அழைப்பு அவசியம். விடுதியில் ஒட்டாமல் வீடு திரும்பி, மோட்டார் சைக்கிளில் உணவு விநியோகத்துக்குப் போய்விடுவது பெரும்பாலும் முதல் தவணையில்தான். அன்றன்றைக்குக் காசு பார்த்துவிட்டவரைத் திரும்ப அழைப்பது கடினம்.

தன்னார்வலர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி போதும். மண்டபச் சாவியும் மேசையும் தரும் நிர்வாகத்துக்கு அந்தப் பயிற்சியை நடத்தித் தர நாங்கள் தயார்.

இப்படிக்கு,
இளைஞர் தன்னார்வலர்கள்,
பட்டர்வொர்த், பினாங்கு