பழைய மேசுக்குள் வந்த பந்து

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் வரை முதுகு வலியால் நான் இருந்த இருப்பு நம் தேயிலைத் தோட்ட டிவிஷனில் யாருக்கும் தெரியாததல்ல. அதை மறுபடி எழுதவில்லை. நேற்றுக் காலை யார் கையையும் பிடிக்காமல் தண்ணீர் விழுகிற பீலிக்கரை வரை நடந்து போய் முகம் கழுவினேன். அந்தச் சந்தோஷம் ஆறுமுன் நன்றி சொல்லிவிட வேண்டும் என்று பேத்தியை உட்கார வைத்து இதை எழுதச் சொல்கிறேன்.

முதல் நன்றி மேல் லயத்து வரிசை வீட்டுப் பையனுக்கு. பெயர் போட்டால் வெட்கப்படுவான்.

கிளினிக் மிஸ், "டென்னிஸ் பந்து ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா" என்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. 66 வயதில் பந்து! டவுனில் வாங்கி வரச் சொல்லக் கூச்சமாக இருந்தது. இஸ்தோப்புத் திண்ணையில் மருமகளிடம் நான் புலம்பியது அவன் காதில் எப்படி விழுந்ததோ, மறுநாள் பின்னேரம் தன் பழைய பள்ளிக்கூட மேசுக்குள், அதுதான் காலுறைக்குள், பந்தைப் போட்டு முடிந்து கொண்டுவந்து, "பாட்டிக்கு" என்று கையில் வைத்துவிட்டு ஓடிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மேட்ச்சுக்கு அவர்களிடம் இருந்ததே அந்த ஒரு பந்துதான் என்று பிறகுதான் தெரிந்தது. கூரைத் தகரத்தில் அடிக்கிறான் என்று போன வருடம் அவன் பந்தைப் பிடுங்கி அரிசிப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தவள் நான்.

அடி வாங்கி வாங்கி மெத்தென்று ஆகிவிட்ட பந்து. புதுப் பந்தாக இருந்தால் என் முதுகுக்குக் கல்லாக இருந்திருக்கும். மேசின் நுனியைத் தோளுக்கு மேலே பிடித்துக்கொண்டு, சுவருக்கும் முதுகுக்கும் நடுவே பந்தை வைத்துச் சாய்கிறேன். முதுகெலும்பில் படக் கூடாது, பக்கத்துச் சதையில்தான். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நிமிர்த்தினால் பந்து தானாக உருளும். இறுக்கமான இடத்தில் அரை நிமிடம் நின்று மூச்சு விட்டால் சதை இளகுவது தெரியும். சுண்ணாம்புச் சுவர் என்பதால் முதுகெல்லாம் வெள்ளை. மருமகளுக்குத் தினமும் அது ஒரு வேடிக்கை.

அந்த மிஸ்ஸுக்கும் நன்றி. படுத்தே கிடந்தால் முதுகு இன்னும் பிடித்துக்கொள்ளும் என்று முதல் நாளே எழுப்பி நடக்க வைத்தார். பூனை மாதிரிக் கைகால் ஊன்றி முதுகை வளைத்து இறக்குவதும், மல்லாந்து முழங்கால் மடக்கி இடுப்பைத் தூக்குவதும் அவர் பழக்கியதுதான். எலும்பு மெலிகிற வயது, குனிந்து கால்விரலைத் தொடுகிற வேலை மட்டும் வேண்டாம் என்றார். கால் மரத்தாலோ சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ பந்தைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வரச் சொன்னார். நான் காசு கொடுத்து வாங்கிய இடுப்புப் பெல்ட் இப்போது ஆணியில் தொங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 2023-இல் போட்ட வழிகாட்டியிலும், நாள்பட்ட இடுப்பு வலிக்குப் பெல்ட்டை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றுதான் இருக்கிறதாம். போன காசு போனதுதான்.

எண்ணெய் தேய்த்த மருமகள், இரவில் வந்த ஆட்டோத் தம்பி, கஞ்சி கொண்டுவந்த பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள், என்னோடு மலையில் நின்ற கொழுந்துக்காரிகள் எல்லோருக்கும் கும்பிடு.

கூடைக்கயிறு தலையை இழுக்க, முழுநாள் சம்பளமான முழுப்பேருக்கு 18 கிலோ கொழுந்து என்று ஓடிய காலத்தில் முதுகைப் பற்றி நினைக்க நேரம் ஏது? இப்போது கொழுந்துக்குப் போகிற பிள்ளைகளே, பின்னேரம் இஸ்தோப்புக்கு வாருங்கள், காட்டித் தருகிறேன். அந்தப் பையனுக்குப் புதுப்பந்து ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். தகரத்தில் அடித்தாலும் இனி ஒளித்து வைக்க மாட்டேன். திட்டுவேன், அது வேறு.