சிக்கனம் நகராட்சிக்குத் தெரியாததா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பொருளாதாரம் படுத்தால் மாநிலங்களும் உள்ளாட்சிகளும் முதலில் சிக்கனம் பழகட்டும் என்று சென்ற இதழ்க் கட்டுரையில் படித்தேன். முப்பது வருடத்துக்கு மேல் நகராட்சியில் கணக்கு எழுதியவன், சும்மா இருக்க முடியவில்லை.

2020-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஊரடங்கில் பேருந்தே வராதபோது பேருந்து நிலையக் கட்டணம் எங்கிருந்து வரும்? சந்தைக் குத்தகைக்காரர், கட்டணக் கழிப்பிடக் குத்தகைக்காரர் எல்லாரும் கையை விரித்தார்கள், கடை வாடகை கேட்கப் போன பில் கலெக்டர் பூட்டிய ஷட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். குப்பை மட்டும் தினமும் சேர்ந்தது. பிளீச்சிங் பவுடர் செலவு அதுவரை நான் எழுதிய எந்த வருடத்தையும் தாண்டிப் போனது.

மாநில நிதிக்குழு மானியம் வருமே என்பீர்கள். அது மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம், அதை ஊராட்சிகளும் நாங்களும் பங்கு போட வேண்டும். மாநிலத்துக்கு வரி விழுந்தால் எங்கள் பங்கும் விழும், அதாவது எப்போது ரொம்பத் தேவையோ அப்போதுதான் குறையும். இதை யார் யோசித்தார்களோ!

மாநிலமாவது சமாளிக்குமா என்றால், அது நோட்டு அடிக்க முடியாது, கடன் வாங்கவும் டெல்லி தலையாட்ட வேண்டும். ஜிஎஸ்டி வந்தபோது மாநிலங்களின் வரி வருவாய் வருடத்துக்கு 14 சதவீதம் வளரும் என்று கணக்கு வைத்து, அதில் குறைவதை ஐந்து வருடத்துக்கு இழப்பீடாகத் தருவதாகச் சட்டமே போட்டார்கள். 2020 ஆகஸ்டில் இழப்பீட்டு நிதியில் பணம் போதவில்லை என்றதும், இது 'கடவுளின் செயல்', நீங்களே கடன் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். மாநிலங்கள் கூச்சல் போட்ட பிறகு அக்டோபரில்தான் 1.10 லட்சம் கோடி ரூபாய் வரை ஒன்றிய அரசே கடன் வாங்கி மாநிலங்களுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டது.

அதைவிட எனக்கு ஆறாதது பெட்ரோல் விஷயம். 2020 மே முதல் வாரத்தில் தமிழ்நாடு பெட்ரோலுக்கு மூன்றே கால் ரூபாயும் டீசலுக்கு இரண்டரை ரூபாயும் கூடும்படி வரியை ஏற்றியது, எல்லாரும் திட்டினோம், சரிதான். அதே வாரம் ஒன்றிய அரசு பெட்ரோலுக்கு 10, டீசலுக்கு 13 ரூபாய் ஏற்றியது. அத்தனையும் சாலை செஸ், சிறப்புக் கூடுதல் வரி என்ற பெயரில் போட்டதால் மாநிலங்களோடு பகிர வேண்டிய வரிக்குள் ஒரு பைசா வரவில்லை. அவர்களிடம் போய்ச் சிக்கனம் பேச யாருமில்லை.

மாநிலமும் சும்மா இல்லை. அகவிலைப்படி உயர்வை நிறுத்தினார்கள், எடுக்காத விடுப்பை ஒப்படைத்துப் பணமாக வாங்கும் சரண்டரை நிறுத்தினார்கள், ஓய்வு வயதை 58-லிருந்து 59, அடுத்த வருடம் 60 என்று தள்ளினார்கள். அப்படித்தான் 2020-ல் வீட்டுக்குப் போக வேண்டிய நான் 2022 வரை அதே நாற்காலியில் இருந்தேன். ஓய்வு பெறும்போது தர வேண்டிய பணிக்கொடைக்குக் காசில்லை என்று யாரும் வெளியே சொல்லவில்லை, எங்களுக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் இடம் காலியாகும் என்று டிஎன்பிஎஸ்சி எழுதிக் காத்திருந்த பிள்ளைகளைப் பார்க்கத்தான் கூச்சமாக இருந்தது.

எங்கள் பக்கமும் தப்பு உண்டு, மறைக்கவில்லை. சென்னையில் 1998-க்கும் மற்ற ஊர்களில் 2008-க்கும் பிறகு சொத்து வரியைத் தொடாமல் விட்டு, 2018-ல் ஏற்றி, உள்ளாட்சித் தேர்தல் வருகிறது என்றதும் 2019-ல் பின்வாங்கி, கடைசியில் ஊரடங்கு அடியிலிருந்து ஜனங்கள் இன்னும் எழுந்து நிற்காத 2022-ல் வீடுகளுக்கு 25 முதல் 150 சதவீதம் வரை ஏற்றினால் யார்தான் திட்ட மாட்டார்கள்? நல்ல வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருக்க வேண்டும்.

ஆனால் அந்த ஊரடங்கு மாதங்களில் நான் வேலை பார்த்த இடத்தில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களின் சம்பளப் பட்டியல் நிதி இல்லாமல் வாரக்கணக்கில் என் மேஜையிலேயே கிடந்தது. அவர்கள் அப்போதும் விடிகாலை ஐந்தரை மணிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அந்த வருடக் கணக்கில் எந்தத் தலைப்பில் இன்னும் வெட்டியிருக்கலாம் என்று கட்டுரையாளர் அடுத்த இதழில் எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நகராட்சிக் கணக்கர்,
தஞ்சாவூர் மாவட்டம்