நேவி அண்ணனுக்குப் போட்ட பேனர்

நாமக்கல்

அன்புள்ள மாப்ளே,

போனில் சொல்லத் தெம்பில்லாமல்தான் எழுதுகிறேன். போன செவ்வாய்க்கிழமை விடியக்காலையில் நேவி அண்ணன் தவறிவிட்டார். 76 வயசு. ராத்திரி இட்லி சாப்பிட்டுப் படுத்தவர், காலையில் எழவில்லை. அன்றைக்கே உனக்குச் சொல்லியிருக்கணும், கோவிச்சுக்காதே.

கண்ணீர் அஞ்சலி பேனரை நீ பார்த்திருக்கணும். பேரன் நெட்டில் ஏதோ ஒரு கப்பல் படத்தை எடுத்துப் போட்டிருந்தான். உற்றுப் பார்த்தால் அமெரிக்கக் கொடி! 1971 பாகிஸ்தான் சண்டையில் அவர் நம்ம நேவியின் விமானம் தாங்கிக் கப்பல் விக்ராந்தில் இருந்தபோது, நம்மை மிரட்ட வங்காள விரிகுடாவுக்கு என்டர்பிரைஸ் கப்பலை அனுப்பினானே, அதே அமெரிக்காக்காரன் கொடி. அண்ணன் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

அண்ணன் லாரியில் ஜவ்வரிசி லோடு ஏற்றிக் கல்கத்தா போனோமே, ஓங்கோல் தாண்டி ரேடியேட்டர் ஒழுகியது ஞாபகம் இருக்கா? நடு ராத்திரி, கிளீனர் பயல்கள் நாம ரெண்டு பேரும் அழாத குறை. அவர் இன்ஜின் ஆறும் வரை பீடி பிடித்துவிட்டு, சமையல் பெட்டியிலிருந்து மஞ்சள் தூளை எடுத்து ரெண்டு கை அள்ளி உள்ளே போட்டார். "விரிசல் விட்ட பாய்லரை வெச்சுக்கிட்டே கப்பலைச் சண்டைக்கு ஓட்டினோம். இதுக்குப் போய் எதுக்குடா அழுவறே?" விஜயவாடா வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

கதை விடுகிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். நிஜம்தான் மாப்ளே. பாய்லர் விரிசலால் விக்ராந்தை வேகம் குறைத்தே ஓட்டியிருக்கிறார்கள். டிசம்பர் 4-ஆம் தேதி அதிலிருந்து கிளம்பிய சீ ஹாக் விமானங்கள்தான் அப்போது கிழக்கு பாகிஸ்தானில் இருந்த காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் அடித்தன. இவர் கீழே பாய்லர் ரூமில். ஒரு விமானம் கிளம்பியதைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லையாம், சத்தம் மட்டும்தான். அந்தக் காதுதான் லாரியிலும் வேலை செய்தது. தூங்கிக்கொண்டே வருவார், இன்ஜெக்டர் அடைத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

விசாகப்பட்டினம் வந்தால் கடலைப் பார்த்து வண்டியை ஓரங்கட்டுவாரே, அது சாமி கும்பிடுவது இல்லை என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி அங்கேதான் முழுகிக் கிடக்கிறது. "உள்ளே இருந்தவனுங்களும் நம்மளாட்டம் இன்ஜின்காரனுங்கதானே" என்றார். அதற்கு மேல் சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை வாங்க முடியாது.

2014-ல் மும்பையில் விக்ராந்தை உடைத்தபோது ரெண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அந்த இரும்பை உருக்கிச் சேர்த்து பஜாஜ் வி பைக் வந்ததும், 67 வயசில், தவணையில் ஒன்று எடுத்துவிட்டார்! டீக்கடைக்குப் போக மட்டும்தான். நிறுத்தினால் டேங்கை ஒருமுறை தடவிவிட்டுத்தான் இறங்குவார்.

அதை விற்கப் போவதாக மகன் சொன்னான். கொஞ்சம் பொறு என்று சாவியை வாங்கி வைத்திருக்கிறேன். வர்ற ஞாயிற்றுக்கிழமை காரியம். வந்துடு, நீயா நானா என்று பேசிக்கொள்வோம்.

உன்,
பழைய கிளீனர்