ஏரி, ஆறு, கடலோர நீரில் உரச்சத்து கலப்பதைத் தடுக்கக் கோரி மனு

அனுப்புநர்
ஏரிக்கரை, ஆற்றங்கரை மற்றும் கடலோரப் பொதுமக்கள்

பெறுநர்
துறைச் செயலர் அவர்கள்,
நீர்வளம் மற்றும் சுற்றுச்சூழல் துறை

பொருள்: நீர்நிலைகளில் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சேர்வதை அவை புறப்படும் இடத்திலேயே குறைக்கக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். எங்கள் ஏரி மறுபடியும் பச்சையாகிவிட்டது. தண்ணீரில் கையை விட்டால் பெயின்ட் போல ஒட்டுகிறது. சென்ற முறை இப்படி ஆனபோது, ஒரு விடிகாலையில் கரையெங்கும் மீன்கள் வாயைப் பிளந்து செத்துக் கிடந்தன. புகார் கொடுத்தோம். ஆட்கள் வந்து மீன்களை அள்ளினார்கள், பாசியை வழித்தார்கள், மருந்தும் தெளித்தார்கள். சில வாரங்களில் எல்லாம் பழையபடி ஆனது. வந்து உழைத்தவர்கள்மேல் எங்களுக்குக் குறையில்லை. பாசிக்குத் தீனி போய்க்கொண்டே இருக்கும்வரை அதை அள்ளி மாளாது என்பதைத்தான் சொல்ல வருகிறோம்.

பயிர் எடுத்துக்கொண்டது போக வயலில் மிஞ்சும் உரம், கால்நடைப் பண்ணைகளின் சாணம், அரைகுறையாகச் சுத்திகரித்த கழிவுநீர், சில சலவைத்தூள்களில் உள்ள பாஸ்பேட் என்ற பாஸ்பரஸ் உப்பு ஆகியவைதான் அந்தத் தீனி. இதில் பெருகும் பாசி செத்து அடியில் மட்கும்போது, தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. பகலில் ஆக்சிஜன் தரும் பாசியே இரவில் அதை இழுத்துக்கொள்ளும். விடியும் நேரத்தில் மீன்கள் சாவது அதனால்தான். எனவே உச்சிவேளையில் எடுத்த மாதிரியை மட்டும் வைத்து ஏரி நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்ய வேண்டாம். விடியலுக்கு முன்பும் அளக்க வேண்டும்.

இதற்கான சான்று புதிதல்ல. 1973-ல் கனடாவில் 226 என்று எண்ணிட்ட ஏரியை நடுவில் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். இரு பாதியிலும் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். ஒரு பாதியில் மட்டும் பாஸ்பரசும் சேர்த்தார்கள். அந்தப் பாதி மட்டும் பச்சையாகிப் போனது. கடலோர நீரிலோ பெரும்பாலும் நைட்ரஜன்தான் பாசியைத் தூண்டுகிறது. ஆகவே ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் குறைத்தால் போதாது. மெக்சிகோ வளைகுடாவில் ஆக்சிஜன் குன்றிய பகுதி 2017-ல் 22,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரவியது; அமெரிக்காவின் மிசிசிப்பி ஆறு வயல்களிலிருந்து அள்ளிவந்த சத்துகளே அதற்கு முக்கியக் காரணம். 2014 ஆகஸ்டில் ஈரி ஏரியின் பாசி நஞ்சால், அமெரிக்காவின் டொலிடோ நகரில் சுமார் 4 லட்சம் பேர் குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று எச்சரிக்கப்பட்டார்கள். அந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. குழந்தைகளை வைத்திருக்கும் எங்களை இந்தச் செய்தி இன்றும் உறுத்துகிறது.

கழிவுநீர் நிலையங்களிலிருந்து தொடங்குமாறு வேண்டுகிறோம். வழக்கமான சுத்திகரிப்பு அழுக்கைக் குறைக்கிறதே தவிர, இந்தச் சத்துகளில் பெரும்பகுதியை அப்படியே வெளியே விடுகிறது. ஒவ்வொரு நிலையத்தின் அனுமதியிலும் நைட்ரஜனுக்கும் பாஸ்பரசுக்கும் தனித்தனியாக உச்ச அளவு குறிக்கப்பட வேண்டும். அளந்த கணக்கை மாதந்தோறும் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். சலவைத்தூளில் பாஸ்பேட்டுக்குக் கட்டுப்பாடும் வேண்டும்.

விவசாயிகளைக் குற்றவாளிகளாக்க வேண்டாம். உரம் வீணாவது அவர்களுக்கும் நட்டம்தான். இலவச மண் பரிசோதனை, உரத்தைப் பிரித்து இடும் பழக்கம், பெருமழைக்கு முன் உரமிட வேண்டாம் என்ற முன்னறிவிப்பு, வாய்க்கால் ஓரம் புல்லும் மரமும் வளர்க்க மானியம் ஆகியவற்றைத் தாருங்கள். அப்புறம் பாருங்கள், அவர்களே முன்வருவார்கள். மிஞ்சியிருக்கும் சதுப்பு நிலங்களைத் தூர்க்கவும் அனுமதிக்க வேண்டாம். தண்ணீர் அங்கே தங்கிப் போகும்போது நைட்ரஜனில் ஒரு பங்கு காற்றோடு போய்விடுகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறோம். அடிச்சேற்றில் சேர்ந்திருக்கும் பாஸ்பரஸ் பல ஆண்டுகள் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் முதல் ஆண்டில் மாற்றம் தெரியவில்லை என்று திட்டத்தைக் கைவிட்டுவிடாதீர்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் ஏரியில் கழிவுநீர் கலப்பதை 1963 முதல் 1968 வரை படிப்படியாக நிறுத்தினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் தண்ணீர் தெளிந்தது.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்பாக, ஏரியில் விழும் ஒவ்வொரு வாய்க்காலின் வாயிலும் மாதிரி எடுக்கும் பணியையாவது தொடங்க உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். இடங்களைக் காட்ட நாங்கள் கூட வருகிறோம்.

இப்படிக்கு,
கரையோரப் பொதுமக்கள்