நாலாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் பார்

கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பாளையங்கோட்டையில் வெயில் சொல்லி முடியாது. வேறு விசேஷம் இல்லை.

ஈஸ்டருக்குப் பிறகு நீ உன் டெக்னோ நடனப் பாட்டு எதுவும் அனுப்பவில்லை. அதனால் கடைசியாக வந்ததையே திரும்பத் திரும்பக் கேட்கிறேன். நீ விட்டுப்போன பழைய லேப்டாப்பில் வைட்டல் என்கிற சாஃப்ட்வேர் சிந்தசைசர் இன்னும் இருக்கிறது. அதில் உன் கார்டை, சேர்ந்தொலிக்கும் அந்த ஐந்து சுரத்தை, பிடித்துப் பார்த்தேன். டி, எஃப், ஏ, சி, இ. டி மைனர் நைன்த். அது அப்படியே ஒரு முழு சுரம் இறங்கி சி மைனர் நைன்த் ஆகிறது, பிறகு ஏறி எஃப் மைனர் நைன்த். சரிதானே?

முன்பெல்லாம் இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். ஐந்து சுரமும் சேர்ந்தே நகரக்கூடாது, ஐந்தாம் சுர இடைவெளிகள் அடுத்தடுத்து வரக்கூடாது என்று உனக்குச் சொல்லித்தந்ததே நான்தான். குயரில் சொப்ரானோவும் டெனரும் வேறு வேறு ஆள், ஆளுக்கொரு வழி வேண்டும். போன தடவை நீ வந்தபோது விளக்கியதும்தான் புரிந்தது. டெட்ராய்டிலும் பெர்லினிலும் ஒரு கார்டைச் சாம்ப்ளர் என்கிற ஒலிப்பதிவுக் கருவியில் பதிந்து, ஒரே கட்டையை அழுத்தி வாசித்தார்கள். கட்டை மாறினால் கார்டு முழுசாக நகரும். 1981இல் வந்த கோர்க் பாலிசிக்ஸ் சிந்தசைசரிலேயே கார்டை நினைவில் வைக்க ஒரு பட்டன் இருந்ததாமே. இப்போது ஏபிள்டன் இசை சாஃப்ட்வேரின் கார்ட் எஃபெக்ட்டும் அதைத்தான் செய்கிறது. ஐந்து சுரமும் சேர்ந்து ஒரே ஆள். அவன் நடந்தால் எல்லாம் சேர்ந்துதான் நடக்கும். அந்த அழகை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இரண்டு விஷயம். சாம்ப்ளரில் கட்டை மேலே போகப் போகக் கார்டு குட்டையாகும், பளிச்சென்றும் ஆகும். சாஃப்ட்வேர் சிந்த்தில் அது தானாக நடக்காது. மேல் சத்தத்தை வடிகட்டும் ஃபில்டரில், கட்டை ஏறும்போது அதைத் திறக்கிற கீ டிராக்கிங்கைக் கொஞ்சம் ஏற்று, மேல் கார்டுக்கு ஒலி தேயும் நேரமான டிகேயைக் குறை. இரண்டாவது, கார்டிலிருந்து டி-யை எடுத்துவிடு. அடியில் பேஸ் அதே டி-யைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது மேலே எஃப், ஏ, சி, இ போதும். நான்கு சுரத்தையும் தனியாகக் கேட்டால் எஃப் மேஜர் செவன்த்; பேஸ் வந்து சேர்ந்ததும் மைனர் நைன்த். எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கிறது. கிட்டார்காரர் பேஸ் வாசிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் நான் வாசிக்கும்போது என் இடது கை சும்மா இருப்பதும் இதற்குத்தான். கார்டுக்கு 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேலை இல்லை, வெட்டிவிடு.

எதிரொலிக்கு வைத்த டிலே நன்றாக இருக்கிறது. நிமிஷத்துக்கு 125 பீட் என்ற வேகத்தில் ஒரு பீட் 480 மில்லிசெகண்ட், உன் டிலே 360. பீட்டில் அடித்த கார்டின் எதிரொலி மூன்று மூன்று கால்-பீட்டாகத் தாண்டி, நான்காவது எதிரொலியில்தான் பீட்டில் விழும் கிக் டிரம்மோடு சேர்கிறது. நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு எதிரொலியும் முந்தினதைவிட மங்கிப்போவதும் சரி. ஃபில்டரை ஃபீட்பேக்குக்குள், எதிரொலி திரும்பத் திரும்பச் சுற்றும் வழியில், வைத்திருக்கிறாய். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் டப் இசைக்காரர் கிங் டப்பி 1970களில் மிக்சிங் மேசையையே வாத்தியமாக்கி வாசித்தார், பெர்லினில் பேசிக் சேனல் இரட்டையர் 1993 முதல் அதை டெக்னோவுக்குள் கொண்டுவந்தார்கள் என்று நீ சொன்னாயே, அந்தப் பரம்பரை இதில் தெரிகிறது. போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உன் பெரியப்பா, “அவன் இன்னும் அந்த டங்கு டங்குதானா?” என்றார். 2024இல் பெர்லின் டெக்னோவை ஜெர்மனி தன் பண்பாட்டு மரபுப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அவர் வாயே திறக்கவில்லை. நீதான் அப்பாவின் பிறந்தநாளுக்குக்கூட போன் பண்ணவில்லை.

சத்தத்தைக் குறைத்து வைத்து வேலை செய், தம்பி. பாட்டுக்காகத்தான் சொல்கிறேன். சத்தம் ஏறினால் நம் காது பேஸையும் மேல் சத்தத்தையும் கூடுதலாகக் கேட்கும், எல்லாமே நன்றாக இருப்பது மாதிரித் தோன்றும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1933லேயே இதை அளந்து காட்டியிருக்கிறார்கள். மெல்ல வைத்தால்தான் கார்டில் எந்தச் சுரம் துருத்திக்கொண்டிருக்கிறது என்று தெரியும்.

ஏன் சொல்கிறேன் என்றால், உன் பழைய பாட்டுகளில் ஃபில்டர் மூடியே இருக்கும். கார்டு உள்ளறையிலிருந்து வருகிற மாதிரி கேட்கும். கடைசிப் பாட்டில் மேலே ஒரு கூர்மை. ஹை-ஹாட் தாளத்தட்டிலும் அதே, ரிவெர்ப் முழக்கத்தின் வாலிலும் அதே. முதலில் என் ஹெட்போன்தான் கோளாறு என்று நினைத்து அப்பாவுடையதில் கேட்டேன். பிறகு எந்த உயரத்தில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் ஈக்யூவைப் போட்டுப் பார்த்தேன். 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு மேடு. முந்தின பாட்டில் அது இல்லை. அதற்கு முந்தினதிலும் இல்லை.

உன் ரசனை மாறியிருந்தால் சரி, அம்மா ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் பெரிய சத்தத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் காது முதலில் கைவிடுவது அந்த இடத்தில்தான், நாலாயிரத்தைச் சுற்றி. தனக்குக் கேட்காததை ஆள் தானாகவே ஏற்றி வைப்பான். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம், மூன்று டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகக் குறையும், 100 டெசிபலில் கால் மணி நேரம்தான் என்று கணக்கு. நீ கிளப்பில் ஸ்பீக்கர் பக்கத்தில் எத்தனை மணி நேரம் நிற்கிறாய் என்று நான் கேட்கவில்லை. வாத்தியக்காரர்களுக்கென்று காதின் அச்செடுத்துச் செய்கிற அடைப்பான் இருக்கிறது. எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் குறைக்கும், கார்டு கெடாது. பணம் வேண்டுமென்றால் அப்பா அனுப்புவார். சத்தத்தைக் குறைத்து வைத்து வேலை செய்.

ராத்திரி லைட்டை அணைத்த பிறகு காதில் விசில் மாதிரி ஏதாவது கேட்கிறதா? அக்கா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளிடம் சண்டைக்குப் போகாதே. சொல்லியிருந்தாலும் அழுதுகொண்டுதான் சொல்லியிருப்பாள்.

அங்கே டாக்டரிடம் நேரம் கிடைக்க வாரக்கணக்காகும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அதனால் திங்கட்கிழமை காலையிலேயே காது டாக்டருக்குப் போன் செய். காது கேட்கும் அளவைக் காட்டும் ஆடியோகிராம் எடுத்ததும் அந்தத் தாளைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. எனக்குப் படிக்கத் தெரியும், நாலாயிரம் எந்த இடம் என்று பார்த்து வைத்திருக்கிறேன். புதுப் பாட்டு அதற்குப் பிறகு வந்தால் போதும்.

அம்மா