சிக்காண்டாவும் ஒரு வெள்ளைப் பூவும்

கசாமா, ஜாம்பியா
பிப்ரவரி

அன்புள்ள தேன்மொழி,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. கயலுக்கு வரன் அமைந்ததில் எங்கள் இருவருக்கும் அவ்வளவு மகிழ்ச்சி. முகூர்த்தம் ஏப்ரல் கடைசியில் அமைந்தால் எனக்குப் பள்ளி விடுமுறையோடு ஒத்து வரும், கட்டாயம் வந்துவிடுவேன். உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே.

போன தடவை அனுப்பிய படத்தில் தட்டில் இருந்த பழுப்பு நிறத் துண்டு என்ன என்று கேட்டிருந்தாய். அது சிக்காண்டா. இந்தப் பக்கத்து பெம்பா மக்களின் பலகாரம். பார்க்க இறைச்சி போலவே இருக்கும்; ஆப்பிரிக்கப் போலோனி (போலோனி என்பது ஒரு வகை இறைச்சித் தொத்து) என்றுகூடச் சொல்வார்கள். ஆனால் அதில் இறைச்சி துளியும் கிடையாது. முழுக்க ஆர்க்கிட் கிழங்கும் வேர்க்கடலையும்தான். சைவம் சாப்பிடுகிற எனக்கு இங்கே வந்த புதிதில் அது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது தெரியுமா! கிழங்கைக் கழுவிக் காயவைத்து உரலில் இடித்து மாவாக்குகிறார்கள். வேர்க்கடலையையும் இடித்து, உப்பு, மிளகாய்த்தூள், கொஞ்சம் சோடா எல்லாம் கொதிக்கும் தண்ணீரில் சேர்த்து, அல்வா கிண்டுவது போலக் கைவிடாமல் கிண்ட வேண்டும். சோடாவுக்குப் பதில் சாம்பல் கரைத்து வடித்த நீரை ஊற்றுவதுதான் பழைய முறை. இறுகி வந்ததும் மூடி, மூடியின் மேலும் தணல் போட்டு வேகவிடுவார்கள். கிழங்கில் இருக்கும் பசைதான் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கிறது. துருக்கியில் சாலெப் என்ற பானத்துக்கும் இழுபடும் ஐஸ்கிரீமுக்கும் இதே மாதிரி ஆர்க்கிட் கிழங்கு மாவைத்தான் போடுகிறார்கள்.

இந்தக் கிழங்குகள் ஒரே செடியிலிருந்து வருவதில்லை. டைசா, சாட்டிரியம், ஹாபனேரியா என்று பல பேரினங்கள் கலந்தே சந்தைக்கு வருகின்றன. நான் உனக்குச் சொல்ல ஆசைப்படுவது சாட்டிரியம் புக்கனானி என்பதைப் பற்றி. இங்கே மியோம்போ என்கிற எங்கள் பக்கத்து மரக்காட்டுக்கு நடுநடுவே மழை பெய்தால் ஊறிக் கிடக்கும் புல்வெளிகள் உண்டு, டாம்போ என்பார்கள். அங்கேதான் இது வளர்கிறது. இடுப்பளவுப் புல்லுக்குள் நேராக ஒரு தண்டு, அதில் நெருக்கமாக வெள்ளைப் பூக்கள். நல்ல வாசனை. பொதுவாக ஆர்க்கிட்களில் மொட்டு முறுக்கிக்கொண்டு உதட்டிதழ் கீழே வந்துவிடும் அல்லவா? சாட்டிரியத்தில் அந்த முறுக்கு இல்லை. உதட்டிதழ் மேலேயே நின்று பூவுக்குக் கூரை போலக் கவிந்திருக்கும். அதன் பின்னாலிருந்து இரண்டு நீண்ட தேன்குழல்கள் தொங்கும். ஒன்றல்ல, இரண்டு!

மண்ணுக்கடியிலும் இரண்டுதான். ஒரு கிழங்கு இந்த ஆண்டுத் தண்டுக்கும் பூவுக்கும் தன்னைக் கொடுத்துச் சுருங்கிக்கொண்டே வரும். பக்கத்தில் இன்னொன்று அடுத்த ஆண்டுக்காகப் பருத்துக்கொண்டிருக்கும். மழை நின்றதும் மேலே எல்லாம் காய்ந்துவிடும். வறண்ட மாதங்களில் புல்வெளி முழுக்கத் தீப்பிடித்து எரிந்தாலும் அந்தப் புதுக் கிழங்கு கீழே பத்திரமாக இருக்கும். தோண்டுகிறவர்களுக்கு வேண்டியதும் கெட்டியான அந்தப் புதுக் கிழங்குதான். இலையும் பூவும் தெரிந்தால்தான் செடி எங்கே என்று கண்டுபிடிக்க முடியும். அதனால் விதை உதிரும் முன்பே பெரும்பாலும் தோண்டிவிடுகிறார்கள். அடுத்த ஆண்டும் போச்சு, விதையும் போச்சு.

வீட்டுத் தேவைக்குத் தோண்டியவரை காடு தாங்கியது. இப்போது தலைநகர் லுசாகாவின் சோவெட்டோ சந்தையில் மூட்டை மூட்டையாகக் குவிகிறது. பெரிய கடைகளில் சிக்காண்டாவைத் துண்டு போட்டு விற்கிறார்கள். இங்கே குறையக் குறைய, எல்லைக்கு அப்பால் தேடிப் போனார்கள். 2000-களின் தொடக்கத்தில் தான்சானியாவின் தெற்கு மலைகளிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 20 லட்சத்திலிருந்து 40 லட்சம் கிழங்குகள் வரை போயிருக்கும் என்று கணக்கிட்டார்கள். அங்கே கிட்டுலோ என்ற மேட்டுநிலம் இருக்கிறது. மக்கள் அதைக் கடவுளின் தோட்டம் என்கிறார்கள். 2005-இல் அதைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள், விலங்குகளுக்காக அல்ல, பூக்களுக்காக. எனக்கு அதை நினைத்தாலே சந்தோஷமாக இருக்கும்.

ஆனால் காவல் மட்டும் போதாது, தேன்மொழி. ஆர்க்கிட்கள் எல்லாமே, காட்டு உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ளன, உரிமம் இல்லாமல் எல்லை தாண்டக்கூடாது. ஆனாலும் கிழங்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. எங்கள் சந்தையில் சிட்டெங்கே துணி விரித்து, கிழங்கை டின்னில் அளந்து விற்கும் பெண்களுக்குப் பிள்ளைகளின் பள்ளிச் செலவு அதில்தான் நடக்கிறது. நான் இப்போது கிழங்கு வாங்குவதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. மரவள்ளியைப் போல இதையும் கொல்லையில் நட்டு எடுக்க முடிந்தால்தான் காட்டுச் செடி பிழைக்கும், அவர்கள் பிழைப்பும் நடக்கும். தடங்கல் விதையில் இருக்கிறது. தூசியைவிடப் பெரிதில்லை, உள்ளே உணவுச் சேமிப்பும் கிடையாது. சரியான பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும்.

அதனால்தான் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நீலகிரிப் புல்வெளிகளில் சாட்டிரியம் நேபாலென்சே இருக்கிறதே, அது இதற்குச் சொந்தக்காரச் செடிதான். உங்கள் கல்லூரி திசு வளர்ப்புக்கூடத்தில் யாராவது அதன் விதையை முளைக்கவைத்துப் பார்த்திருக்கிறார்களா? எந்த வளர்ப்பு ஊடகம், பூஞ்சை சேர்த்தா சேர்க்காமலா, எத்தனை மாதத்தில் கிழங்கு கட்டியது என்று விசாரித்து எழுது. எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்துப் பிள்ளைகள் சிறிய அளவில் முயன்று பார்க்கத் தயாராக இருக்கிறார்கள். அனுமதிக்கு விண்ணப்பம் எழுத ஆரம்பித்துவிட்டேன். நீ எழுதும் விவரம் மார்ச் மாதத்துக்குள் வந்தால் அதிலேயே சேர்த்துவிடுவேன்.

அப்புறம், முகூர்த்தத் தேதி முடிவானதும் உடனே சொல். டிக்கெட் விலை ஏறிக்கொண்டே போகிறது.

அன்புடன்,
வசந்தா